துணி கட்டிய கழிகள்

மெட்ராஸ் பக்கம் புயல் கரையேறும் என்று ரேடியோவில் சொன்னார்கள். முனீர் அகமது மறுநாளைக்குக் கம்பெனியில் லீவு கேட்டான். காய்ச்சல் என்று சொன்னான். வீட்டில் வஜிஹாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னான்.

"புயல் அடிச்சா ஆலா மாதிரி கடல் பறவைங்க காத்துல மாட்டிக்கும். எதுத்துப் பறக்க முடியாது. காத்து தள்ளுற பக்கமே வந்து, எங்க தண்ணி தெரியுதோ அங்க எறங்கிடும். நம்ம கிருஷ்ணகிரி அணைக்குக்கூட வரும்."

"இங்கேந்து கடல் எங்க இருக்குது?"

"அதான் சொல்றேன். அவ்ளோ தூரம் வரும். ஒரு நாள் நிக்கும். அப்புறம் போயிடும். ஆயுசுல ஒரு தடவ பாத்தாலே பெருசு."

ஓசூரில் வண்டிச் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தான். நாளெல்லாம் ஒரே மாதிரி பல்சக்கரங்களை எடுத்து, அளந்து, வைக்கிற வேலை. வார லீவு வந்தால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் போவான். முழங்கால் வரை சேற்றோடு திரும்புவான்.

"குருவி பாக்கப் போறாராம். எந்தக் குருவின்னு கேட்டியா நீ?" என்று நாத்தனார் காத்தூன் ஒவ்வொரு பெருநாளுக்கும் வஜிஹாவைக் கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். வஜிஹாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கல்யாணமாகி நாலு வருஷமாக இதே சிரிப்பு.

"நானும் வரேன்," என்றாள் இந்த முறை.

"காத்து அடிக்கும்."

"அடிக்கட்டும்."

காற்று அடித்தது. கிருஷ்ணகிரி தாண்டியதும் ராஜ்தூத் பைக் சாலையின் ஓரத்துக்கு ஓரம் போயிற்று. வஜிஹா முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அவன் இடுப்பைப் பிடித்திருந்தாள். அணைக்குப் பின்னால், தண்ணீர் வயல்களுக்குள் ஏறி நிற்கிற பக்கமாக ஒரு வண்டித்தடத்தில் இறங்கினார்கள். தடம் நேராகத் தண்ணீருக்குள் போய் முடிந்தது.

அவள் அணையைப் பார்த்திருக்கிறாள். பூங்கா, மதகு, வறுத்த மீன். இது வேறு. எதிர்க்கரை மழை மூட்டத்தில் மறைந்திருந்தது. சேற்று நிறத்தில் தண்ணீர் வரிசை வரிசையாக எழுந்து வந்து கரையில் அடித்தது. நுரை காற்றில் பிய்ந்து செடிகளில் ஒட்டியது.

"இதான் உங்க கடலா?" என்று கத்திக் கேட்டாள்.

"இன்னைக்கு மட்டும்," என்று அவனும் கத்தினான்.

கோவிந்தப்பன் முன்பே வந்து கல் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கப் போராடிக்கொண்டிருந்தான். முனீரோடு அதே கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். உத்தனப்பள்ளிக்காரன். கம்பெனியில் ஐந்தாறு பேர் சேர்ந்து பறவை பார்க்கிற கூட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். இன்று வந்தது இவன் ஒருவன்தான்.

"வாம்மா தங்கச்சி. காய்ச்சல்காரருக்கு எப்படி இருக்குது ஒடம்பு?"

"அவருக்கு நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் குளிருது."

"ஃபோர்மேன் மட்டும் இப்ப இங்க வரணும் பாய். மூணு பேரையும் சேத்து சார்ஜ் ஷீட் குடுப்பான்."

முனீர் சிரிக்கவில்லை. கண் தண்ணீர் மேலேயே இருந்தது. பிறகு வஜிஹாவின் பக்கம் திரும்பிப் பாடம் சொன்னான். பேசக் கூடாது. கத்தக் கூடாது. எல்லாம் சைகை. கையைத் தூக்கி ஆட்டினால், இங்கே வா, பறவை இருக்கிறது. ஒரு பக்கமாகக் கையை நீட்டினால், அந்தப் பக்கம் போ. குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்தால், அசையாதே, உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

"கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம். அதப் பாத்தா கால் மரத்துப் போனாலும் நிக்கணும். ஒரு தடவ இந்தக் கோவிந்தன் சேத்துல அரை மணி நேரம் நின்னான்."

"அட்டை கடிச்சுது தங்கச்சி. அப்பவும் நின்னேன். கடைசில பாத்தா உள்ளான் குருவி. நம்மூரு உள்ளான்!"

அந்தக் கரையில் ஒரு பறவைகூட இல்லை. வலது பக்கம் தூரத்தில் பாறை முதுகு ஒன்று கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்டு போயிருந்தது. அதன் நுனியில் வெள்ளைப் புள்ளிகளாக ஏதோ உட்கார்ந்திருந்தன. இங்கே எதிரே தண்ணீரில் மூன்று கழிகள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி. காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அந்தத் துணியாலதான் இங்க ஒண்ணும் எறங்கல," என்றான் முனீர். "எவன் கட்டி வெச்சானோ."

"வலைகிட்ட கொக்கு வராம இருக்க மீன்காரங்க நட்டிருப்பாங்க," என்றான் கோவிந்தப்பன். "எங்க காட்டுல கேவுரு கதிர் புடிச்சா நாலு மூலையிலயும் இதேதான் நடுவோம். கழி, பழைய சேலைத் துணி. குருவி கிட்ட வராது."

சரியாகத்தான் பட்டது. வஜிஹாவின் அப்பா வீட்டுச் சோளக்கொல்லையிலும் அப்படித்தான் நடுவார்கள்.

முனீர் கையில் ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு பாறை முதுகை நோக்கிக் கரையோரமாக நடந்தான். இவர்கள் இருவரும் இங்கே தார்ப்பாயில் மறைப்பு ஒன்று கட்ட வேண்டும். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் பறவைக்கு ஆள் தெரியாது.

மறைப்பு நிற்கவில்லை. கோவிந்தப்பன் கொண்டு வந்த குச்சிகள் தீக்குச்சி மாதிரி ஒடிந்தன. தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அவன் அதன் மேலேயே குப்புற விழுந்து பிடித்தான்.

"கனமா ரெண்டு மூணு கம்பு வேணும் தங்கச்சி. நான் எழுந்தா இது பெங்களூருக்குப் போயிடும்."

வஜிஹா சுற்றிப் பார்த்தாள். கரையில் முள்செடி தவிர ஒன்றுமில்லை. கழிகளைப் பார்த்தாள். துணியும் போகும், கம்பும் கிடைக்கும். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முதல் கழி முழங்கால் ஆழத்தில் நின்றது. ஆட்டி ஆட்டி இழுத்ததும் வந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவது தள்ளி இருந்தது, தொடை அளவுத் தண்ணீரில். காற்று முகத்தில் அடித்ததால் குனிந்தே நடந்தாள். அந்தக் கழி அசையவில்லை. இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தாள். காலுக்கடியில் கல் தட்டுப்பட்டது. தட்டையான, பாசி பிடித்த கல். அதில் காலை ஊன்றிக்கொண்டு மொத்த பலத்தையும் போட்டு இழுத்தாள். வெடுக்கென்று கழி கையோடு வந்தது. பின்னால் சாய்ந்து விழப் போனாள். விழவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கோவிந்தப்பன் தார்ப்பாய் மேல் படுத்தபடியே கை தட்டினான்.

துணிகளை அவிழ்த்துக் கல்லுக்கடியில் வைத்தாள். கழிகளை நட்டுத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார்கள். மறைப்பு நின்றது. உள்ளே உட்கார்ந்து பிளாஸ்கைத் திறப்பதற்குள் வெள்ளைக் கொக்குகள் ஒரு கூட்டமாக வந்து எதிரே தண்ணீர் ஓரத்தில் இறங்கின. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன.

"பாத்தியா? துணி போச்சு, கொக்கு வந்துச்சு," என்றான் கோவிந்தப்பன். "நாளைக்கே உன்னைக் கூட்டத்துல மெம்பர் ஆக்கிடலாம்."

வஜிஹா டீயைக் குடித்துக்கொண்டே பாறை முதுகைப் பார்த்தாள். முனீர் நுனியில் எறும்பு மாதிரி நின்றிருந்தான். இருந்தது ஒரே பைனாகுலர். அது அவன் கழுத்தில். அவன் இந்தப் பக்கம் திரும்பியிருப்பது மட்டும் தெரிந்தது. மறைப்பையும் கொக்குகளையும் பார்த்திருப்பான். அவள் தண்ணீரில் நடந்ததையும் பார்த்திருப்பான்.

அவன் பாறையிலிருந்து தண்ணீரில் இறங்கினான். வந்த வழியே கரையைச் சுற்றி வரவில்லை. குறுக்கே, நேராக மறைப்பை நோக்கி வந்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீர். காற்று முதுகில் தள்ளியது. கம்பைப் பக்கவாட்டில் ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து நடந்தான்.

"நேராவே வரார்," என்றாள்.

"நீதான் நடந்து காட்டினியே. ஆழமில்லன்னு தெரிஞ்சுபோச்சு."

அப்போதுதான் ஓர் அம்மாள் வந்தாள். தலையில் சாக்கு போர்த்தி, இடுப்பில் கூடையோடு. காயப்போட்ட மீனை வாரிக்கொண்டு போகிறவள் போல. இவர்களைப் பார்த்து, "எந்தூரு நீங்க? இந்தக் காத்துல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். கல்லுக்கடியில் சிவப்புத் துணி துடித்துக்கொண்டிருந்தது. குனிந்து இழுத்தாள். விரித்துப் பார்த்தாள்.

"இது என் சேலையாச்சே."

பிறகு மறைப்பின் கழிகளைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"ஐயய்யோ! இதை எங்கேந்து புடுங்கினீங்க?"

"தண்ணியில இருந்துதும்மா," என்றான் கோவிந்தப்பன். "கொக்கு வெரட்ட நட்டதுதானே? போறப்ப நட்டுட்டு..."

"கொக்கா? கெணறுடா! கெணறு!"

வஜிஹாவுக்கு முதலில் புரியவில்லை.

"அணை கட்டறதுக்கு முன்ன இதெல்லாம் எங்க காடு. கெணத்த யாரு மூடினது? கோடையில தண்ணி எறங்கினா அதுல எறைச்சுத்தான் வெள்ளரி போடறோம். தண்ணி ஏற ஆரம்பிச்சா அவங்கவங்க கெணத்து மேட்டுல அவங்கவங்க கழி நட்டு, துணி கட்டி வெச்சுடுவோம். வலைக்கு எறங்கறவங்க அதப் பாத்துத்தான் கால வெப்பாங்க. போன வருசம் ஒரு கழி சாஞ்சு போயி எருமை ஒண்ணு எறங்குச்சு. கொம்புகூட மேல வரல."

தட்டையான கல். பாசி. வஜிஹாவின் உள்ளங்கால் அதை மறுபடி தொட்டது. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

அந்த அம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். பாதித் தூரம் வந்துவிட்ட ஆளைப் பார்த்தாள். "அது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"நீச்சல் தெரியுமா?"

வஜிஹா தலையை ஆட்டினாள். இல்லை.

கோவிந்தப்பன் கரைக்கு ஓடி, "பாய்! நில்லு பாய்! கெணறு!" என்று கத்தினான். காற்று நேர் எதிரே இருந்தது. வார்த்தையை அவன் வாயிலேயே திருப்பி அடைத்தது. வஜிஹா இரண்டு கையையும் தூக்கி, போ, போ என்று தள்ளிக் காட்டினாள்.

முனீர் நின்றான். பார்த்தான். பிறகு வேகமாக வரத் தொடங்கினான்.

கை தூக்கி ஆட்டினால், இங்கே வா.

அவன் குரல் காற்றோடு தெளிவாக வந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல. "என்ன வஜி? ஆலாவா? கடல் ஆலாவா?" சந்தோஷமான குரல். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

கோவிந்தப்பன் இடது பக்கமாகக் கையை வீசி வீசிக் காட்டினான். முனீர் உடனே அந்தப் பக்கமாக ஒதுங்கி நடந்தான். கையை எடுத்தால் நேராக வந்தான். இவர்கள் காட்டுகிற பக்கமெல்லாம் அவன் கால் போயிற்று. அந்தப் பக்கம் தரையா கிணறா என்று இவர்களுக்கே தெரியாது.

"கையக் காட்டாதீங்கண்ணா!" வஜிஹா அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "காட்டாதீங்க!"

"நான் பாறை வழியாப் போயி அவனுக்குப் பின்னாடி வரேன்," என்று கோவிந்தப்பன் ஓடினான். செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. அந்த அம்மாள் எதிர்ப்பக்கமாக ஓடினாள். "எங்க வீட்டுக்காரரு வளைவுல பரிசல் வெச்சிருக்கறாரு. மாதப்பா! ஏ மாதப்பா!" காற்று பின்னால் இருந்ததால் அவள் குரல் அவளுக்கு முன்னால் போயிற்று. எப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

வஜிஹா தனியாக நின்றாள்.

மறைப்பைப் பிரித்துப் போட்டால்? காற்று பிய்த்தது என்று நினைத்து உதவிக்கு ஓடி வருவான். தானே தண்ணீரில் இறங்கிப் போனால்? அவளைப் பார்த்து அவனும் எதிரே வருவான். ஓடி ஒளிந்தால் தேடி வருவான். எதைச் செய்தாலும் வருவான். அவன் அப்படிப்பட்டவன்தான். யா அல்லா, இவரை எதுக்கு அப்படிப்பட்டவராப் படைச்சே.

தண்ணீர் அவனுக்கு இப்போது தொடைக்குக் கீழே இறங்கியிருந்தது. மேடு. அவள் கழி பிடுங்கிய இடங்கள் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தன. எங்கே? மேலே ஒரே அலை, ஒரே சேற்று நிறம். ஒரு தடயம்கூட இல்லை.

அவள் தண்ணீர் விளிம்புக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தலைமேல் வைத்தாள்.

முனீர் தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்து நின்றான்.

அலை வந்து அவள் மடியை நனைத்தது. கொக்குகள் பறந்துபோயிருந்தன. அவன் அசையவில்லை. தலை மட்டும் மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. பிறகு மறுபக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பறவையைத் தேடினான். காணவில்லை. நிதானமாகப் பைனாகுலரை எடுத்து அவளை நோக்கித் திருப்பினான்.

அப்போது அவளுக்கு இன்னொரு பயம் வந்தது. முதல் பயத்தைவிடப் பெரியது. அவளுக்கு அவன் ஒரு விரல் உயரம்தான். அவனுக்கு அவள் முகம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி தெரியும். உதடு தெரியும். கண் தெரியும். தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது? இந்த முகத்தைப் பார்த்தால் பறவையை விட்டுவிடுவான். சைகையை விட்டுவிடுவான். என்னமோ ஆகிவிட்டது என்று ஓடி வருவான்.

வஜிஹா சிரித்தாள்.

பல் தெரியச் சிரித்தாள். பெருநாளில் காத்தூன் வீட்டில் சிரித்துப் பழகிய சிரிப்பு. தாடை நடுங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். கண்ணை அகலமாக வைத்துக்கொண்டாள். அற்புதத்தைப் பார்க்கிறவள் போல அவனுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், ஒன்றுமில்லாத தண்ணீரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் அடித்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. கை இறங்கினால் அவனுக்கு விடுதலை.

பைனாகுலர் இறங்கியது. அவள் பார்த்த பக்கம் அவன் பார்த்தான். நின்றான்.

காற்று ஒருமுறை ஓங்கி அடித்தது. அவன் கம்போடு முன்னால் தள்ளாடினான். ஒரு கால் பெயர்ந்தது. வஜிஹாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. அவன் காலைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டான். பறவை கலைந்துவிடக் கூடாதே என்று.

பாறை முதுகின் நடுவில் கோவிந்தப்பன் விழுந்து எழுந்து ஓடுவது தெரிந்தது. அவன் நுனிக்குப் போய்த் தண்ணீரில் இறங்கி வருவதற்கு இன்னும் வெகு நேரம் ஆகும். வளைவில் பரிசல் தெரிந்தது. ஒற்றை ஆள். காற்றுக்கு எதிரே கழி ஊன்றித் தள்ளினான். ஒரு தள்ளு முன்னால் வந்தால் பரிசல் ஒரு சுற்று சுற்றிப் பின்னால் போயிற்று. மறுபடி தள்ளினான். தட்டு கவிழ்ந்த மாதிரி அலைக்குள் இறங்கிக் காணாமல் போய் மறுபடி மேலே வந்தான்.

முனீர் மூன்றாம் முறையாக அவளைப் பார்த்தான். இப்போது கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அவள் தலையை மெல்ல, ஆமாம் என்று அசைத்தாள். இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஒன்றில் பொய் இல்லை.

பரிசல் நெருங்கியபோதுதான் அவன் அதைப் பார்த்தான். கையைச் சத்தமில்லாமல் வீசி, போ, போ என்று விரட்டினான். பரிசல்காரன் வாயைத் திறந்து ஏதோ கத்தினான். முனீருக்குக் கோபம் வந்துவிட்டது. அவனும் கத்தினான். அது காற்றில் அவளுக்குக் கேட்டது. "யோவ், அறிவில்ல? அந்தப் பக்கம் போய்யா! பறவை ஓடிடும்யா!" பரிசலை எதிர்த்துத் தடுக்கிறவன் போலக் கம்பைத் தூக்கினான். ஓர் அடி வைக்கப் போனான்.

பரிசல்காரன் தன் நீளக் கழியை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினான்.

அவர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. முனீரின் தூக்கிய கை மெதுவாக இறங்கியது. கீழே தண்ணீரைப் பார்த்தான். பிறகு வெகு நேரம் எதையுமே பார்க்கவில்லை. பரிசல்காரன் அவன் கையிலிருந்த மூங்கில் கம்பை வாங்கி, அவன் நின்ற இடத்திலேயே ஆழமாகக் குத்தி நிறுத்தினான். அக்குளில் கை கொடுத்து அவனைப் பரிசலுக்குள் இழுத்துப் போட்டான். காற்று பரிசலைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய்த் தூரத்தில் கரையில் ஒதுக்கியது.

வஜிஹா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவன் வந்துவிடுவான் என்று உடம்பு இன்னும் நம்பியது. அந்த அம்மாள் வந்து, "போதும் பாயம்மா. கைய எறக்கு. வந்துட்டாரு," என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "பூவம்மாங்கறது என் பேரு. என்னப் புடிச்சுக்கினு எழுந்திரு."

முனீர் கரையோரமாக வந்தான். இடுப்புவரை ஈரம். உதடு நீலமாக இருந்தது. அவள் முன்னால் நின்றான். திட்டுவான் என்று நினைத்தாள். அடித்தாலும் சரிதான் என்று நினைத்தாள்.

"நீ சிரிச்சுக்கினு இருந்த," என்றான்.

அவள் ஈர முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் பாத்தேன். நீ சிரிச்சுக்கினே இருந்த."

சொல்ல வாயைத் திறந்தாள். பல் கிட்டிக்கொண்டது. அவன் அவள் முக்காட்டின் நுனியால் அவள் முகத்தைத் துடைத்தான். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கல் மேல் உட்கார்ந்தான்.

கோவிந்தப்பன் பாறையிலிருந்து திரும்பி நொண்டிக்கொண்டே வந்தான். முழங்காலில் ரத்தம். "பாய்," என்றான். பிளாஸ்கை எடுத்து நீட்டினான். "டீ இருக்குது பாய்."

மாதப்பன் இதற்குள் மறைப்பைப் பிரித்துக் கழிகளை உருவியிருந்தான். பூவம்மாள் துணிகளைத் திரும்பக் கட்டினாள்.

"பொழுது சாயறதுக்குள்ள நட்டாவணும்," என்றான் மாதப்பன். "வெடியால வலைக்கு ஆளுங்க எறங்குவாங்க. பக்கத்து ஊருக்காரங்களும் வருவாங்க. யாரு புடுங்கினது?"

கோவிந்தப்பன் தலை குனிந்தான். "நான்தான் சொன்னேன். கொக்கு வெரட்டறதுன்னு..."

"யாரு சொன்னதுன்னு கேக்கல. புடுங்கினது யாரு?"

"நான்," என்றாள் வஜிஹா.

"அப்ப நீதாம்மா வரணும். எங்க கெணறு எங்க கெடக்குதுன்னு சுமாராத் தெரியும். சுமாரு பத்தாது. எங்க நின்னு இழுத்தேன்னு காட்டு."

"நான் போறேன்," என்று முனீர் எழுந்தான்.

"உனக்கு என்னா தெரியும்?" என்றாள் பூவம்மாள். "உக்காரு."

வஜிஹா பரிசலில் ஏறினாள். நடுவில் குந்தி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாதப்பன் தன் நீளக் கழியால் அடியைத் தொட்டுத் தொட்டுத் தள்ளினான். கரையில் முனீர் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பைனாகுலரை அவன் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை.

முதல் கிணறு சுலபமாகக் கிடைத்தது. கழி சேற்றைத் தொட்டது, சேற்றைத் தொட்டது, கல்லில் தட்டியது, பிறகு எதையும் தொடவில்லை. மாதப்பன் கல்லை ஒட்டிக் கழியை நட்டான். இரண்டாவதுக்குக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஒரு தட்டைக் கல்லு மேல கால வெச்சேன்," என்றாள். "பாசி இருந்துச்சு."

"கெணத்து மேட்டுக் கல்லு. எந்தப் பக்கம்?"

"இன்னும் உள்ளே. தொடைக்கு இருந்துச்சு தண்ணி."

தொட்டான். தொட்டான். டக்கென்று கல் கேட்டது. கழியை இன்னும் கொஞ்சம் தள்ளி இறக்கினான். அது போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ஆள் நீளக் கழி. கை முங்கியது. முழங்கை முங்கியது. தோள் தண்ணீரைத் தொடும் வரை குனிந்தான். அடி தட்டவில்லை.

"இதான்," என்றான். "எங்கப்பன் வெட்டினது."

துணி கட்டிய கழியை நட்டு ஆட்டிப் பார்த்தான். அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் காற்று பரிசலைத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க மறுபடி நீளக் கழியை ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்ற அடி இல்லை. பரிசல் கிணற்றின் மேலேயே சுற்றியது. அவன் துடுப்பை எடுத்துத் தண்ணீரை அள்ளித் தள்ளினான். கழியை இறக்கிப் பார்த்தான். இல்லை. மறுபடி அள்ளினான். இல்லை. அகலக் கிணறு. வஜிஹா விளிம்பைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே பார்க்கவில்லை.

டக்.

எதிர்மேட்டுக் கல்.

மாதப்பன் மூச்சு விட்டான். அங்கே கழியை ஊன்றிப் பரிசலை நிறுத்தினான். பரிசலின் ஓரம் எதிலோ இடித்தது. வஜிஹா நிமிர்ந்தாள்.

முனீரின் மூங்கில் கம்பு. அவன் நின்ற இடத்தில், கிணற்று மேட்டுக்கு ஓர் அடி தள்ளி, குத்தியது குத்தியபடியே நின்றது. காற்றில் மெல்ல ஆடியது. எழுந்திருக்காமலேயே கையை நீட்டினாள். எட்டியது.

"அதப் புடுங்கிடாதம்மா," என்றான் மாதப்பன். "இருக்கட்டும்."

அவள் பிடுங்கவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். மாதப்பன் பரிசலைத் திருப்பக் காத்திருந்தான். அவள் கை வரவில்லை.